பிள்ளைக் கனம்

நீங்க பிள்ளையோட காதையே பார்க்கிறீங்கன்னு ஏறி உட்கார்ந்ததுமே கவனிச்சேன் அக்கா. பார்க்கிறதிலே தப்பில்லை, எல்லாரும் பார்க்கிறதுதான். ஒரு காதிலே கம்மல், இன்னொரு காது வெறும் காது. போன வாரம் எங்க தெருவிலே ஒரு மனுஷன், "ஏம்மா, பிள்ளை கம்மலைத் தொலைச்சிட்டு நிக்கி"ன்னு சொல்லி, சாக்கடை ஓரமெல்லாம் குனிஞ்சு தேடவே ஆரம்பிச்சிட்டார். தொலையலை அண்ணாச்சி, அந்தக் காது இன்னும் குத்தலைன்னேன். அவருக்கு அது அதைவிட ஆச்சரியம்.

காதுகுத்து பாதியிலே நின்னுபோச்சு. சித்திரையிலே நடந்தது. இப்போ ஆவணி வந்தாச்சு, இந்தக் காது அப்படியே கிடக்கு.

ஆமா, தூங்குறா. பஸ் நகர்ந்தாலே இவளுக்குத் தூக்கம் வந்துரும். ஆதிரான்னு பேரு. அந்தக் கூடை உங்க காலிலே இடிக்குதா? அதிலே இவளுக்கு இட்லி இருக்கு. காலையிலே நாலு இட்லி வச்சா ஒண்ணரையிலே எழுந்திரிச்சிட்டா. இப்போ கொஞ்ச நாளா இப்படித்தான். முன்னெல்லாம் தட்டை வழிச்சு நக்குற பிள்ளை. பூச்சி இருக்கும்னு பூச்சி மருந்து கொடுத்தேன், வசம்பு உரசிக் கொடுத்தேன், ஒண்ணும் கேட்கலை. சரி, பிள்ளைன்னா அப்படித்தான், தானா சரியாகும்.

நாங்க சேர்ந்தமரம் போறோம். கோமு அக்கான்னு ஒருத்தங்க வீட்டுக்கு. நீங்க சுரண்டையா? நல்லதாப் போச்சு, பேசிக்கிட்டே போகலாம். எனக்குப் பேசாம வந்தா பஸ் ஊர்ற மாதிரியே இருக்கும்.

காது விஷயம் சொல்றேன். ஆனா முதல்லே எங்க அண்ணனைப் பத்திச் சொல்லணும்.

கூடப் பிறந்த அண்ணன். சுடலைமணின்னு பேரு. கேரளாவிலே கொத்து வேலைக்குப் போன இடத்திலே சாரம் சரிஞ்சு மேலேயிருந்து விழுந்துட்டார். முதுகுத்தண்டிலே அடி. நெஞ்சுக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. கை ரெண்டும் நல்லா இருக்கு, வாய் ரொம்ப நல்லா இருக்கு. எங்க அம்மா போனதுக்குப் பிறகு நான்தான் என் வீட்டிலே வச்சுப் பார்த்துக்கிடுறேன். என் வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுறார். அவர் ஒரு நாள் முகம் சுளிச்சது இல்லை. மாமியார்தான் பக்கத்துத் தெருவிலே. அவங்களைப் பத்தி அப்புறம் சொல்றேன், நிறைய இருக்கு.

அண்ணனுக்கு ஒண்ணுக்குப் போறதுக்குக் குழாய் போட்டிருக்கு. யூரின் டியூப்னு சொல்வாங்களே, அதேதான். ஒரு முனை உள்ளே, இன்னொரு முனையிலே பை. அந்தப் பை ராத்திரி பகல் கூடவே கிடக்கும். அண்ணன் அதுக்குத் 'தோழன்'னு பேரு வச்சிருக்கார். மாப்பிள்ளைத் தோழன் இருக்கானே, அதுபோல. "ரதி, தோழனுக்கு வயிறு நிறைஞ்சிட்டு, வந்து பாரு"ன்னு கூப்பிடுவார். என் பேரு பொன்ரதி.

வீட்டுக்கு வர்ற நர்ஸ் ஜெசிந்தா அக்கா எனக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்தாங்க. நான் பத்தாவது வரைதான் படிச்சேன், அதுவும் எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்திலே. ஆனா இந்த விஷயத்திலே என்னைக் கேட்டா நான் அடிச்சுச் சொல்வேன். தொடுறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் சோப்புப் போட்டுக் கை கழுவணும். பை எப்பவும் இடுப்புக்குக் கீழே தொங்கணும், தரையிலேயும் படக்கூடாது. மேலே தூக்கினா, வெளியே வந்தது திரும்ப உள்ளே போயிரும், காய்ச்சல் வரும். தண்ணி நிறையக் குடிக்கணும். பையிலே ஒண்ணுக்கு இறங்கலைன்னா பதறக்கூடாது, முதல்லே குழாய் எங்கேயாவது மடங்கியிருக்கா, எதிலேயாவது மாட்டியிருக்கான்னு தடவிப் பார்க்கணும். மடங்கலைன்னா அடைப்பு. அப்போ நாமளா குத்திக் கிளறக்கூடாது, அவங்களைக் கூப்பிடணும்.

எங்க அண்ணன் மாதிரி முதுகுத்தண்டிலே அடிபட்டவங்களுக்கு இன்னொண்ணு உண்டு. குழாய் அடைச்சு உள்ளே நிறைஞ்சுதுன்னா அவங்களுக்கு அடிவயிறு வலிக்காது, அங்கேதான் உணர்ச்சியே இல்லையே. அதுக்குப் பதிலா தலை வெடிக்கிற மாதிரி வலிக்கும். முகம் சிவக்கும், நெத்தியெல்லாம் வேர்த்துக் கொட்டும், உடம்பு புல்லரிச்சு நிக்கும். பிரஷர் எங்கேயோ ஏறிப் போயிரும். "அது வந்தா ஒரு நிமிஷம்கூட யோசிக்காதே பொன்ரதி. உட்கார வை, குழாயைப் பாரு. மூளையிலே ரத்தக்குழாய் வெடிச்சு ஆளே போயிரலாம்"னு சொன்னாங்க. எத்தனையோ தடவை என்னைத் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டாங்க. நான் ஒப்பிச்சேன்.

ஒப்பிச்சேன் அக்கா. அதுதான் வயித்தெரிச்சல்.

இவளுக்குக் காது குத்தணும்னு பேச்சு வந்தப்போ என் மாமியார் வந்தாங்க. "ஏட்டி ரதி, வீட்டிலேயே வச்சுக்கிடுவோம். ஆசாரிய வரச்சொல்லி, நாலு பேருக்குச் சோறு போட்டா முடிஞ்சுது. குலசாமி சாத்தா கோயிலுக்குப் பிறகு ஒரு நாள் போய்ப் பொங்கல் வைக்கலாம். அந்தப் பையன் வெயில்ல தாங்கமாட்டான்"னாங்க.

அதுக்கு என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதா? எங்க அண்ணனை நாலு பேர் முன்னாடி கூட்டிட்டு வராதேங்கிறதுதான் அர்த்தம். தாய்மாமன் மடியிலே வச்சுத்தானே காது குத்தணும், அந்த மடியிலே குழாய் கிடக்குன்னு கௌரவக் குறைச்சல். நான் விடலை. "எங்க அண்ணன் உயிரோட இருக்காரு அத்தை, கோயில்லதான் குத்துவோம், ஊரு பாக்கத்தான் குத்துவோம்"னு சொல்லிட்டேன். எனக்கு ஊர் என்ன சொல்லும்ங்கிற கவலையே கிடையாது. பிறந்ததிலேயிருந்தே நான் அப்படி.

அண்ணன்கிட்ட சொன்னப்போ முதல்லே வேண்டாம்னுதான் சொன்னார். "மடி இருக்கு ரதி, ஆனா அது என் மடி மாதிரியே இல்லையே. பிள்ளை உக்காந்திருக்கது எனக்குத் தெரியாது. நழுவினாலும் தெரியாது"ன்னார். நான் பக்கத்திலே நின்னு பிடிச்சுக்கிடுறேன்னேன். அப்புறம் சம்மதிச்சார். சம்மதிச்ச பிறகு அவரைக் கையிலே பிடிக்க முடியலை. வீல்சேர் கம்பியைத் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைக்கிறார், மீசையை நாளுக்கு ஒரு விதமா வெட்டுறார். இவளைத் தினமும் மடியிலே ஏத்தி ஒத்திகை பார்த்தாங்க ரெண்டு பேரும். இவ ஏறி உட்கார்ந்து, கண்ணை இறுக மூடிக்கிட்டு, "குத்துங்க"ம்பா. அவர் விரலாலே காதைக் கிள்ளுவார். இவ கத்துவா. வீடே சிரிக்கும். அத்தனை நாளும் குழாயை ஒரு பக்கமா ஒதுக்கி விட்டு, பையைக் கீழே தொங்கவிட்டு, இவளை மறுபக்கம் உட்கார வச்சுத்தான் விளையாடினாங்க. ஒரு குறையும் வரலை. இதை நீங்க மனசிலே வச்சுக்கோங்க.

பையை என்ன செய்யலாம்னு கேட்டேன். "தோழன் இல்லாம நான் எங்க வந்திருக்கேன்? அவனும் வரட்டும், போட்டோவுக்கு நிக்கட்டும்"னார். நான் பட்டுப் பாவாடை தைச்ச மிச்சத்துணியிலே பைக்கு ஒரு உறை தைச்சேன். சரிகை வச்சு. அழகா இருந்தது.

அன்னைக்குக் காலையிலே கோயில்லே இறங்கினதும் என் சின்ன நாத்தனார் அந்த உறையைப் பார்த்துட்டு, "என்ன மைனி, உங்க அண்ணன் மொய்ப்பணத்துக்கு இப்பவே பை கொண்டாந்துட்டாரா?"ன்னு கேட்டா. எல்லாரும் சிரிச்சாங்க. அண்ணனும் சிரிச்சார். "ஆமா, நிறையப் போடுங்க, காலையிலேயிருந்து காத்துக் கிடக்கான்"னார். அவர்தான் ரொம்பச் சிரிச்சார்.

எனக்குச் சிரிப்பு வரலை. போட்டோக்காரர் வேற நிக்கிறார். இந்தப் போட்டோ எத்தனை வருஷத்துக்கு இருக்கும்? நாளைக்கு இவ பெரியவளாகி, கல்யாணமாகி, அங்கே காட்டுவாளே, அதிலே இது தொங்கணுமான்னு தோணிச்சு. வேற ஒண்ணுமில்லை அக்கா, பிள்ளைக்காகத்தான்.

பையை எடுத்து வீல்சேரிலேயே அவர் இடுப்போரமா வச்சு, அவர் தோளிலே கிடந்த பட்டு நேரியலை அது மேலே மூடினேன். மேலே வச்சா திரும்ப ஓடுமேன்னு தெரியும். நான்தான் எல்லாம் தெரிஞ்சவளாச்சே. பையை மாத்துறப்போ ஒரு நொடி குழாயை மடிச்சுப் பிடிச்சுக்கோன்னு ஜெசிந்தா அக்கா சொல்லியிருக்காங்க. அப்போ மடிச்சு வச்சா திரும்ப ஓடாதுல்லன்னு எனக்குள்ளே ஒரு புத்திசாலித்தனம். மொட்டை போட இவ தலையிலேயிருந்து கழட்டின ரப்பர் பேண்டு என் கையிலே கிடந்தது. சிவப்புக் கலர், ரெண்டு பக்கமும் செர்ரிப் பழம் மாதிரி குண்டு வச்சது. குழாயை மடிச்சு, அதை ரெண்டு சுத்துச் சுத்தி மாட்டினேன். பத்து நிமிஷ வேலைதானே, குத்தினதும் அவுத்துரலாம்னு.

அண்ணன் அப்போ போட்டோக்காரர்கிட்ட மீசையைக் காட்டிப் பேசிக்கிட்டிருந்தார். அவருக்குத் தெரியாது. இடுப்புக்கிட்ட யார் என்ன செஞ்சாலும் அவருக்குத் தெரியாது. சொல்லியிருக்கலாம். சொன்னா வேண்டாம்பாரேன்னு சொல்லலை.

ஆசாரி வரலை. அன்னைக்கு நல்ல முகூர்த்தம், இன்னொரு கோயில்லே ரெட்டைப் பிள்ளைக்குக் குத்திக்கிட்டிருக்காராம். வர்றேன் வர்றேன்னு போன்லே சொல்றார். சித்திரை வெயில். அண்ணன் தண்ணி நிறையக் குடிக்கணுமேன்னு நான் பதநீர் ஊத்திக் கொடுத்தேன், பானகம் கொடுத்தேன், மோர் கொடுத்தேன். "என்னட்டி, இன்னைக்கு இந்தக் கவனிப்பு கவனிக்கே"ன்னு கேட்டுக்கிட்டே குடிச்சார். ஒரு கையாலே குழாயைக் கட்டிட்டு ஒரு கையாலே ஊத்திக்கிட்டிருக்கேன். அந்த ஓட்டத்திலே, வர்றவங்களை வாங்கன்னு கேட்கிறதிலே, கட்டினது எனக்கு மறந்தே போச்சு. இல்லை. மறந்துச்சுன்னு சொல்ல முடியாது. நினைப்பு வரும், இதோ ஆசாரி வந்துருவார்னு போகும்.

ஒருவழியா வந்தார். அண்ணன் மடியிலே இவளை வச்சேன். மொட்டைத் தலையிலே சந்தனம் பூசி, குட்டிச் சாமியார் மாதிரி இருந்தா. முதல் காது குத்தினார். இவ ஒரு கத்துக் கத்தி அண்ணன் சட்டையைப் பிடிச்சுக்கிட்டா. மேளம் அடிச்சாங்க, குலவை போட்டாங்க. இந்தாங்க, போட்டோ போன்லே இருக்கு, பாருங்க. எப்படி இருக்கார் பாருங்க! ராஜா மாதிரி இல்லை? பை தெரியுதா? தேடினாலும் தெரியாது. நெத்தி மட்டும் பளபளன்னு இருக்கு, அது வேர்வை. அப்போ நான் அது வெயில்னுதான் நினைச்சேன்.

இந்தப் போட்டோ எடுத்த கையோட அவர் உடம்பு நடுங்க ஆரம்பிச்சுது. முகம் செக்கச் சிவந்துபோச்சு. கை மயிரெல்லாம் குத்திட்டு நிக்குது. கண்ணை இறுக்கிக்கிட்டு, பல்லைக் கடிச்சுக்கிட்டு, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டுறார்.

நீங்களே சொல்லுங்க அக்கா. சாத்தா கோயில். மேளம் அடிக்குது. குலவைச் சத்தம். ஒரு மனுஷன் புல்லரிச்சு, வேர்த்து, நடுங்குறான். பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க?

"சாமி வந்துட்டு"ன்னு ஒருத்தர் சொன்னார். அவ்வளவுதான். மேளம் வேகம் பிடிச்சுது. ஒரு பெரியவர் ஓடிவந்து அண்ணன் நெத்தியிலே திருநீறு அள்ளிப் பூசினார். பொம்பளைங்க விழுந்து கும்பிடுறாங்க. எழுந்து நடக்க முடியாதவன் மேலே சாத்தா இறங்கிட்டாரேன்னு அழுறாங்க. அந்தச் சின்ன நாத்தனார், மொய்ப்பைன்னு கேலி பண்ணினாளே, அவ கையைக் கட்டிக்கிட்டு, "சாமி, எனக்கு எப்போ பிள்ளை கிடைக்கும்"னு கேட்கிறா. எங்க மாமியார் ரெண்டு கையையும் தலைக்கு மேலே கூப்பி நிக்காங்க.

எனக்கும் சிலிர்த்துப்போச்சு. இத்தனை வருஷம் எங்க அண்ணனைப் பார்த்து உச்சுக் கொட்டினவங்க எல்லாரும் அவர் முன்னாடி கை கூப்பி நிக்கிறாங்களே. கொடுத்து வச்சவளே நான்னு நினைச்சேன். அப்போதான் அண்ணன் வலது கை மெதுவா நேரியலுக்கு அடியிலே போச்சு. குழாயைத் தேடுது. உள்ளே இருக்கிற பை வெளியே வந்துருமேன்னு நான் அந்தக் கையைத் தட்டிவிட்டேன். "சும்மா இருண்ணே, எல்லாரும் பாக்குறாங்க"ன்னு காதோட சொன்னேன்.

தட்டிவிட்டேன் அக்கா. எந்தக் கை? அந்த உடம்பிலே அவருக்குன்னு வேலை செய்ற ரெண்டு கையிலே ஒரு கை.

நிஜமா எனக்குத் தெரியலைன்னு சொல்ல முடியாது. ஒப்பிச்சவதானே நான். நெத்தி வேர்வை, புல்லரிப்பு, முகச் சிவப்பு, ஒவ்வொண்ணா என் கண்ணு முன்னாடி வந்து நின்னுது. ஆனா மாமியார் கை கூப்பி நிக்கிறதை இன்னும் கொஞ்சம் பார்க்கலாமேன்னு இருந்தது. எவ்வளவு நேரம்னு கேட்காதீங்க. ஒரு குலவை நேரம் இருக்கும்.

"ரதி, தலை… தலை தெறிக்கு ரதி"ன்னு அவர் வாய்க்குள்ளே சொன்னப்போதான் எனக்கு உயிர் வந்தது. யாரோ அவரைப் படுக்கவைக்கப் பார்த்தாங்க. "படுக்க வைக்காதீங்க!"ன்னு நான் கத்தின கத்திலே மேளம் நின்னுபோச்சு. பிள்ளையைத் தூக்கி யார் கையிலேயோ கொடுத்தேன். நேரியலை உருவிப் போட்டு, அந்த ரப்பர் பேண்டைப் பிச்செடுத்தேன். மடக்கு விடுபட்டதும் குழாய் வழியா சர்ர்னு இறங்குது. ஆனா பை மேலே இருக்கே, கீழே தொங்கணுமே. நான் அவர் சட்டைப் பட்டனை அவுத்துக்கிட்டிருக்கேன், கை போதலை. அப்போ ஒரு கை வந்து பையை வாங்கி, அப்படியே தரைகிட்டக் கொண்டுபோய்ப் பிடிச்சுக்கிட்டுது. பார்த்தா மாமியார். பட்டுச் சேலையோட மண்ணிலே குத்தவச்சு உட்கார்ந்து, ரெண்டு கையாலேயும் பையைத் தாங்கிப் பிடிச்சிருக்காங்க. "இன்னும் தாழ்த்தணுமா? சொல்லுட்டி, இன்னும் தாழ்த்தணுமா?"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க.

எல்லாரும் பார்க்கிறப்போ அப்படிச் செஞ்சுக்கிட்டாங்க, நல்ல பேருக்கு. அவங்க விவரமானவங்க. இப்பவும் வாரத்துக்கு ஒரு நாள் வந்து அண்ணன் பக்கத்திலே உட்கார்ந்து, தண்ணி குடிச்சியா, வெளிக்கி போச்சான்னு கேட்டுட்டுப் போறாங்க. என் வீட்டிலே என்ன நடக்குதுன்னு உளவு பார்க்கத்தான்.

போன்லே ஜெசிந்தா அக்காவைப் பிடிச்சோம். அவங்க சொல்லச் சொல்லச் செஞ்சோம், ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோனோம். உயிர் பிழைச்சது. நல்லவேளைன்னு டாக்டர் சொன்னார். எதுக்கு நல்லவேளைன்னு நான் கேட்கலை.

கோயில்லேயே எல்லாரும் என்னாச்சு என்னாச்சுன்னு கேட்டாங்க. ரப்பர் பேண்டு என் உள்ளங்கைக்குள்ளே இருந்தது. அந்தக் குண்டு ரெண்டும் கையிலே அழுத்துது. நான் வாயைத் திறக்கிறதுக்குள்ளே போட்டோக்காரர் சொன்னார், "பிள்ளை உக்காந்த கனத்துல குழாய் நசுங்கியிருக்கும்"னு.

"ஆமா"ன்னேன்.

நானா இட்டுக்கட்டிச் சொல்லலை அக்கா. அவர் சொன்னார், நான் ஆமான்னேன். அப்புறம் ஜெசிந்தா அக்கா கேட்டப்பவும் அதையே சொன்னேன். டாக்டர் கேட்டப்பவும். வீட்டுக்காரர்கிட்டவும். ஒரு இடத்திலே ஆமான்னு சொல்லிட்டா அடுத்த இடத்திலே மாத்திச் சொல்ல முடியுமா? அண்ணன் கண் முழிச்சதும் அவர்கிட்டவும் அப்படித்தான் போய்ச் சேர்ந்தது. அவர் மேலே ஓடுற ஃபேனைப் பார்த்தார். அப்புறம், "நான் அப்பவே சொன்னேன்லா, அது மடி இல்லன்னு"ன்னார்.

அதோட சரி. இன்னொரு காதை வேற யார் மடியிலேயாவது வச்சுக் குத்துங்கன்னு சொல்லிட்டார். நான் மாட்டேன்னேன். அவரும் மாட்டேன்னார். இப்படியே கிடக்கு. சரியான பிடிவாதம் எங்க அண்ணனுக்கு, என்ன சொல்லியும் கேட்கமாட்டார். நீங்க உட்கார வைங்கண்ணே, ஒண்ணும் ஆகாதுன்னு எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். அதுதானே நான் சொல்ல முடியும்?

இவளும் அப்படித்தான். முன்னே பொழுது விடிஞ்சா மாமா மடி. இப்போ வாசப்படியிலே நின்னு, கையைப் பின்னாலே கட்டிக்கிட்டு அவர்கிட்டப் பேசுவா. வீல்சேர் பக்கம் போகமாட்டா. வீட்டிலே எல்லாரும் கேலி பண்ணுவோம், "ஏட்டி குண்டு, மாமாவ நசுக்கிட்டியேட்டி"ன்னு. சும்மா விளையாட்டுக்கு. அவளும் சிரிப்பா. சின்னப் பிள்ளைதானே, அதுக்கு என்ன தெரியும்.

இப்போ நான் ஏன் சேர்ந்தமரம் போறேன்னா, கோமு அக்கா வீட்டுக்காரருக்கும் புதுசா குழாய் போட்டிருக்கு. பக்கவாதம். ஜெசிந்தா அக்கா, "பொன்ரதி வீட்டுக்குப் போய்ப் பாருங்க, அவ நல்லாச் செய்வா"ன்னு அனுப்பி வச்சாங்க. அந்தக்கா வந்து உட்கார்ந்து எல்லாத்தையும் பார்த்தாங்க. கை கழுவுறது, பை மாத்துறது, குழாயைத் தொடையிலே இழுபடாம ஒட்டுறது, எல்லாம் செஞ்சு காட்டினேன். கிளம்புறப்போ அண்ணன் அவங்களைக் கூப்பிட்டு, "ஒண்ணே ஒண்ணு மட்டும் மறக்காதீங்க. பேரன் பேத்தி இருந்தா மடியில வைக்காதீங்க. ஆசையா வச்சுத்தான் நான் சாகப் பாத்தேன்"னார். அந்தக்கா முகம் தொங்கிப்போச்சு. பேரன் ஒருத்தன் இருக்கானாம், தாத்தா மடியை விட்டு இறங்கமாட்டானாம். நான் கையிலே துணியை வச்சுக்கிட்டுப் பக்கத்திலேயே நின்னேன்.

முந்தாநாள் அந்தக்கா போன் பண்ணினாங்க. "உங்க அண்ணன் சொன்னபடியே செய்றோம் தாயி. பேரன உள்ள விடுறதில்ல. கதவச் சாத்தியே வச்சிருக்கோம். அவன் வெளிய நின்னு கதவத் தட்டுதான், அவரு உள்ள இருந்து வாயக் கோணிக்கிட்டு அழுதாரு"ன்னு சொன்னாங்க.

என்னாலே தாங்க முடியலை அக்கா. அதுதான் கிளம்பிட்டேன். அந்தக்காகிட்ட, "மடியில வைக்கலாம்க்கா, குழாயை ஒதுக்கிவிட்டு, பை கீழே தொங்கினா போதும்"னு நேர்லே சொல்லிட்டு வந்துரணும். ஜெசிந்தா அக்கா சொல்லச் சொன்னாங்கன்னு சொல்லிக்கிடலாம்னு இருக்கேன். ரப்பர் பேண்டுக் கதையெல்லாம் அவங்களுக்கு எதுக்கு? அண்ணன்கிட்ட இவளுக்குச் செருப்பு வாங்கப் போறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். அண்ணன்கிட்டவும் சொல்லணும்தான். சொல்லாம எங்கே போகப்போறேன். கொஞ்ச நாள் போகட்டும், அவர் மனசு நல்லா இருக்கிறப்போ பார்த்து…

ஏட்டி.

ஏட்டி ஆதிரா, முழிச்சிட்டியா? எப்போ முழிச்சே? கண்ணை மூடிக்கிட்டே கேட்டுக்கிட்டு வந்தியா?

என்ன? காதுக்குள்ளே சொல்லு. சத்தமா வேண்டாம்னா மெதுவாச் சொல்லு.

…

கேட்டுச்சா அக்கா உங்களுக்கு? 'அப்போ நான் கனம் இல்லையாம்மா'ன்னு கேட்கிறா.

எதுக்குட்டி அப்படிக் கேட்கிறே? யாரு உன்னைக் கனம்னு… என்ன? மெலிஞ்சா மாமா மடியில உட்காரலாம்னா? அதுக்குத்தான் இட்லி வேண்டாம்னியா? அதுக்குத்தான் தட்டை வச்சுட்டு எழுந்திரிச்சியா?

பூச்சி மருந்து கொடுத்தேன் அக்கா. இவளுக்கு நான் பூச்சி மருந்து கொடுத்தேன்.

இல்லடா கண்ணு. நீ இல்லை. நீ கனமே இல்லை. அம்மாதான். அம்மா உன் செர்ரி பேண்டை எடுத்து மாமா குழாயிலே கட்டிட்டேன். ஆமா, சிவப்பு பேண்டு. அம்மா தப்புப் பண்ணிட்டேன். மாமாவுக்குத் தெரியாது. இப்போ போய்ச் சொல்லுவோம். நீ சொல்லாதே, அம்மாதான் சொல்லணும். நீ பக்கத்திலே நில்லு.

கண்டக்டர் அண்ணாச்சி! அண்ணாச்சி, இங்கேயே நிறுத்துங்க. சேர்ந்தமரத்துக்குத்தான் டிக்கெட் எடுத்திருக்கேன், இருக்கட்டும். எதிர் பஸ்ஸைப் பிடிக்கணும், வீட்டுக்குத் திரும்பணும். ஒண்ணும் மறந்து வைக்கலை அண்ணாச்சி, நிறுத்துங்க.

வர்றேன் அக்கா. கோமு அக்காகிட்ட போன்லே சொல்லிக்கிடுறேன், உள்ளது உள்ளபடி. அந்தக் கூடையை மட்டும் எடுத்துக் கொடுங்க. மேலேயே இருக்கு பாருங்க டிபன் பாக்ஸ், அதைத் திறந்தே கொடுங்க. இட்லி கேட்கிறா.